அவையறிதல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் நூலகத்தில் ஒருவர் ஆற்றிய உரையைக் கேட்டேன். மறுநாள் அவரே தம் கட்சிக் கூட்டத்தில் பேசியபோது, முதல் நாளின் நிதானம் எங்கே போயிற்று என்று திகைத்தேன். அவையறிந்து பேசுவதை நம் மரபு திறமை என்கிறது. எனக்கோ அது பச்சோந்தித்தனமாகத் தோன்றியது. இவற்றைப் பிரிக்கும் கோடு எது?

ச.

அன்புள்ள ச.,

குரலும் உவமையும் மாறியதற்காக ஒருவரைக் குறைசொல்ல முடியாது. கருத்து மாறாதவரை பிழையில்லை என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்த அளவுகோலும் போதாது என்று நான் எண்ணுவதற்கு, 1858-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஒன்று காரணம்.

அவ்வாண்டு செனட் இடத்துக்காக ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் 7 ஊர்களில் நேருக்கு நேர் வாதிட்டார்கள். மாநிலத்தின் வடக்கே நியூ இங்கிலாந்து, நியூயார்க் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் மிகுதி. தெற்கே கென்டக்கி, டென்னசி போன்ற, அடிமை முறை நிலவிய மாநிலங்களைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். வாதங்கள் தொடங்குமுன், ஜூலை 10 அன்று வடக்கே சிகாகோவில் பேசிய லிங்கன், இந்த இனம் தாழ்ந்தது அந்த இனம் உயர்ந்தது என்ற பேச்சையெல்லாம் விட்டொழித்து, மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று மீண்டும் அறிவிப்போம் என்றார். செப்டம்பர் 18 அன்று, தெற்கிலிருந்து வந்தவர்கள் மிகுந்த சார்ல்ஸ்டனில், வெள்ளையரும் கறுப்பரும் சமூகத்திலும் அரசியலிலும் சமமாவதைத் தாம் ஒருபோதும் ஆதரித்ததில்லை என்று தொடங்கி, கறுப்பருக்கு வாக்குரிமை தருவதையும் அவர்கள் ஜூரிகளாக அமர்வதையும்கூட ஏற்கவில்லை என்றார்.

டக்ளஸ் இதை விடுவாரா? அக்டோபர் 7 அன்று கேல்ஸ்பர்கில் இரு பேச்சுகளையும் அருகருகே வைத்து இடித்துரைத்தார். லிங்கனின் பதில் கூர்மையானது: என் பேச்சுகள் அச்சாகி வடக்கிலும் தெற்கிலும் படிக்கப்படும் என்பதுகூட அறியாதவனா நான் என்று கேட்டார். சுருக்கெழுத்தாளர்கள் உடனிருந்து எழுதியதை நாளிதழ்கள் முழுமையாக வெளியிட்டுக்கொண்டிருந்தன. (அந்த இதழ்களும் தத்தம் கட்சிக்காரரின் பேச்சைத்தான் செப்பனிட்டன என்று எதிர்த்தரப்பு புகார் சொன்னது, அது வேறு கதை.)

நெடுநாள் நான் அந்தப் பதிலை நிறைவானதாகவே கருதினேன். ஏனெனில் சார்ல்ஸ்டனில் சொன்ன மறுப்பை அவர் வடபகுதி ஊரான ஒட்டாவாவிலும் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனால் அங்கே அந்த மறுப்பை அடுத்து, சுதந்திரப் பிரகடனம் கூறும் இயற்கை உரிமைகள் அனைத்தும் கறுப்பருக்கும் உண்டு, தன் உழைப்பின் உணவை உண்ணும் உரிமையில் அவர் எனக்கும் டக்ளஸுக்கும் சமம் என்ற பகுதி வந்தது. சார்ல்ஸ்டனில், கறுப்பருக்கு எல்லாவற்றையும் மறுக்க வேண்டியதில்லை என்ற மெலிந்த வரியே அந்த இடத்தில் நின்றது. இரு ஊர்களிலும் சொன்னவற்றில் முரண் என்று சுட்ட ஒரு வாக்கியமும் இல்லை. ஆயினும் சார்ல்ஸ்டனில் கேட்டவர் வீட்டுக்கு எடுத்துச்சென்ற லிங்கன் வேறொருவர். வாக்குக் கணக்கை அறிந்தே அவர் அப்படிப் பேசினார் என்று இப்போது நினைக்கிறேன். அவர்மேல் எனக்குள்ள மதிப்பு அதனால் போய்விடவில்லை. அந்தப் பக்கத்தை முன்போல எளிதாகக் கடந்துபோகத்தான் முடியவில்லை.

ஆகவே உங்கள் பேச்சாளர் மறுநாள் குரலை உயர்த்தியதை விட்டுவிடுங்கள். நூலகத்தில் அழுத்திச் சொன்ன எதைக் கட்சிக் கூட்டத்தில் விழுங்கினார் என்று பாருங்கள். குறிப்பெடுத்திருந்தால் எழுதியனுப்புங்கள்.