நேட்டோவின் தொடக்க ஆண்டுகள்: படைச்செலவும் பிழைப்பும் (கேள்வி பதில்)

பொருளியல் மாணவி: ஐயா, போரில் நொடித்துப்போன ஐரோப்பிய நாடுகள் 1949-ல் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்ததும் ராணுவத்துக்கு எப்படிச் செலவழித்தன?

முதலில் பெரிதாகச் செலவழிக்கவில்லை. ஒப்பந்தம் ஏப்ரல் 4-ல் கையெழுத்தானது. அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய ராணுவ உதவிச் சட்டத்திலேயே பொருளாதார மீட்சிக்குத்தான் முன்னுரிமை என்று எழுதியிருந்தார்கள். 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் எல்லாம் தலைகீழானது. பிரிட்டனில் பிரதமர் அட்லியின் அரசு 360 கோடி பவுண்டுக்குப் போட்டிருந்த மூன்றாண்டுப் படைச்செலவுத் திட்டத்தை 1951 ஜனவரியில் 470 கோடியாக ஏற்றியது. இறைச்சி இன்னும் ரேஷனில் இருந்த நாடு அது.

பணத்தை வரி போட்டுத் திரட்டிவிடலாம். எஃகுக்கும் லேத்துக்கும் கைதேர்ந்த பிட்டருக்கும் எங்கே போவது? டாங்க் செய்ய வேண்டிய அதே பொறியியல் ஆலைகள்தான் கார், டிராக்டர் ஏற்றுமதி செய்து டாலர் கொண்டுவந்தன. ஒரு லேத் பீரங்கிக்குத் திரும்பினால் கப்பலேற வேண்டிய சரக்கு குறையும். எல்லா நாடும் ஒரே நேரத்தில் ரப்பர், வெள்ளீயம், கம்பளி வாங்கப் பாய்ந்ததில் விலையும் எகிறியது. 1951 கடைசியில் பிரிட்டனின் செலாவணிக் கையிருப்பு மளமளவென்று கரைந்தது. படைச்செலவைப் பட்ஜெட் தொகையை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள்; ஆலைத் தளத்தையும் பாருங்கள்.

இரவல் பேனா: அப்போதும் ஜிடிபியில் 2 சதவீதம்தானா?

இல்லை. தலைவர்கள் கூடி 2 சதவீத வாக்குறுதி கொடுத்தது 2014 வேல்ஸ் உச்சிமாநாட்டில். 1949 ஒப்பந்தத்தில் சதவீதக் கணக்கே கிடையாது. தங்கள் தற்காப்புத் திறனைத் தாங்களும் வளர்த்து, ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்கிறது 3-ஆம் பிரிவு. அவ்வளவுதான்.

கடலோடி: ஐஸ்லாந்து எவ்வளவு கொடுத்தது?

அதற்குப் படையே இல்லை. அது கொடுத்தது படைத்தளத்துக்கு இடம்.

டாங்க் பிரியன்: செஞ்சூரியன் டாங்க் நல்லதா, சோவியத் டாங்க் நல்லதா?

என் துறை இல்லை தம்பி. போர்க்கருவி தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பழைய பேப்பர்: மார்ஷல் திட்டப் பணத்தில்தானே ஆயுதம் வாங்கினார்கள்?

மார்ஷல் திட்டம் ஐரோப்பாவின் பொருளாதார மீட்சிக்கு அமெரிக்கா தந்த உதவி; ராணுவ உதவி வேறு கணக்கு. 1951 முடிவில்தான் இரண்டு உதவிகளும் ‘பரஸ்பரப் பாதுகாப்பு’ என்ற ஒரே கூரைக்கு வந்தன. அதற்குப்பின் உதவியில் ராணுவப் பங்கு ஓங்கியது.

செங்கொடி: சார், பெவனை மறந்துவிட்டீர்களே! அவர் சொன்னதுதான் நடந்தது.

மறக்கவில்லை. 1951 ஏப்ரல் பட்ஜெட்டில் பிரிட்டன் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், படைச்செலவை ஈடுகட்ட, அதுவரை இலவசமாகக் கிடைத்த பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதி விலை வசூலிக்க முடிவெடுத்தார். இலவச மருத்துவச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன் அதை எதிர்த்து ராஜினாமா செய்தார். இன்னொரு அமைச்சர் ஹெரால்டு வில்சனும் கூடவே வெளியேறினார்.

இரவல் பேனா: பல்செட்டுக்காகப் பதவியை விட்டவரைப் போய்...

இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. மூலப்பொருளும் இயந்திரக் கருவியும் இல்லாமல் அவ்வளவு தொகையைச் செலவழிக்கவே முடியாது என்பதுதான் பெவனின் முதன்மை வாதம். அக்டோபரில் ஆட்சிக்கு வந்த சர்ச்சிலே, குறித்த காலத்தில் திட்டம் முடியாது என்று ஒப்புக்கொண்டு அதை இழுத்து நீட்டினார்.

செங்கொடி: அப்படியானால் கெய்ட்ஸ்கெல் செய்தது தவறுதானே?

ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். ஐரோப்பா தன் பங்கைச் செய்யாவிட்டால் அமெரிக்கா கைவிட்டுவிடும் என்ற அச்சம் உண்மையானது. வருமான வரியையும் அவர் ஏற்றினார். ஏழையின் கண்ணாடியை மட்டும் குறிவைக்கவில்லை. தொகையில்தான் பிசகினார்.

புதியவர்: 2 சதவீதம் பற்றி...

மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

பொருளியல் மாணவி: யார் எவ்வளவு தாங்குவார் என்று யார்தான் கணக்குப் பார்த்தது?

நல்ல கேள்வி. 1951 செப்டம்பரில் ஒட்டாவாவில் கூடிய நேட்டோ மன்றம் ஒரு தற்காலிகக் குழுவை அமைத்தது. அமெரிக்காவின் ஹாரிமன், பிரிட்டனின் பிளௌடன், பிரான்ஸின் ஜான் மொனே மூவரும் நாடு நாடாகக் கணக்கை வரவழைத்துத் துருவினார்கள். அதன்பேரில் 1952 பிப்ரவரியில் லிஸ்பனில் அந்த ஆண்டுக்குள் 50 டிவிஷன் (ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) என்று இலக்கு வைத்தார்கள். 1954-க்கு வைத்த பெரிய இலக்குகளை எட்டவே இல்லை. ஆள்பலத்துக்குப் பதில் அணுகுண்டை நம்பும் போக்கு வந்தது.

இதற்கிடையே 1955 வரை சொந்தப் படையே இல்லாத மேற்கு ஜெர்மனியின் ஆலைகள், பிரிட்டனால் அனுப்ப முடியாத இயந்திரங்களை உலகச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தன.