கொரியாவின் ஜேஜு தீவில் கடலில் மூழ்கும் தொழில் பெண்களுடையதாக ஆனது ஏன்?

மூச்சுக் கருவி எதுவுமின்றி, மூச்சை அடக்கிக் கடலடிக்குச் சென்று அபலோன் (பாறையில் ஒட்டி வாழும் ஒருவகைக் கடல் நத்தை), சங்கு, கடற்பாசி ஆகியவற்றை எடுத்துவரும் ஜேஜு தீவுப் பெண்களை ஹேன்யோ என்கிறார்கள்.

இத்தொழில் அவர்கள் கைக்கு வந்ததற்கு முதன்மையான காரணம் வரி என்பதே என் கருத்து. அப்போது கொரியாவை ஆண்ட சோசொன் அரசு தீவிடம் அபலோனைத் திறையாகக் கேட்டது. ஆழத்தில் மூழ்கி அதை எடுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் பாசி சேகரித்தார்கள். திறைச்சுமை தாங்காமல் ஆண்கள் பலர் தீவை விட்டு ஓடவே, 1629இல் அரசு வெளியேறத் தடை விதித்தது. அது ஏறத்தாழ 200 ஆண்டுகள் நீடித்தது. நுண்கடன் குழுவில் ஒருவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் அவருடைய தவணை மற்றவர்கள் தலையில் விழுவதைப் போல, ஓடிய ஆண்களின் பங்கு பெண்கள் மீது விழுந்தது.

அது எளிய வேலையன்று. அக்காலத்தில் சுரைக்குடுக்கையை மிதவையாக விட்டு மூழ்கிய பெண், தட்டையான இரும்புக் கருவியால் அபலோனை முதல் நெம்பலிலேயே பெயர்த்தாக வேண்டியிருந்தது. தவறினால் அது பாறையை இறுகப் பற்றிக்கொள்ளும், கருவி சிக்கி, மணிக்கட்டில் மாட்டிய அதன் கயிறு அவளை மேலே வரவிடாமல் உயிரையே பறிக்கக்கூடும். இத்தனை இடருடன் எடுத்ததில் சிறந்தவற்றை அதிகாரிகள் கொண்டுசென்றது கொடுமையே.

குளிர்நீரைத் தாங்கும் உடல்வாகு இருந்ததால்தான் பெண்கள் இத்தொழிலுக்கு வந்தார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 17ஆம் நூற்றாண்டு வரை அதே கடலில் ஆண்களும் மூழ்கியிருக்கிறார்கள்.