ஐ.க்யூ. எண் எதைச் சொல்கிறது? வாசகர் கேள்விகளுக்கு ஒரு மனநல உளவியலாளரின் பதில்கள்

ஏழு வயது மகனுக்கு செல்போனில் ஒரு ஐ.க்யூ. டெஸ்ட் வைத்தேன். 142 காட்டியது. பள்ளியில் டபுள் பிரமோஷன் கேட்கலாமா?

அந்த எண்ணை நம்பிக் கேட்க வேண்டாம். ஐ.க்யூ. என்பது உயரம், எடை மாதிரி தனியாக நிற்கும் அளவு இல்லை. ஒரே வயதுக் குழந்தைகள் ஏராளமானவர்களுக்கு ஒரே சோதனையை வைத்து, அவர்களுடைய சராசரியை 100 என்று எடுத்துக்கொண்டு, உங்கள் மகன் அந்த வரிசையில் எங்கே நிற்கிறான் என்று சொல்வதுதான் அது. நூற்றுக்கு 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் வந்துவிடுவார்கள்; 130-ஐத் தாண்டுவோர் இரண்டு பேர்தான். செல்போன் டெஸ்ட் உங்கள் பிள்ளையை யாரோடு ஒப்பிட்டது என்றே தெரியாது. முறையான சோதனையில்கூட ஐந்தாறு புள்ளி முன்னே பின்னே இருக்கும். அதனால் நல்ல அறிக்கையில் ஒற்றை எண்ணோடு ‘இதிலிருந்து இதுவரை’ என்று ஒரு வரம்பும் போட்டிருப்பார்கள்.

72 வயது அப்பா வரவு செலவு, சொத்து விவகாரம் எல்லாவற்றிலும் தெளிவு. ஆனால் ஜிபே சொல்லிக்கொடுத்தால் ஏறவே இல்லை. புத்தி மங்குகிறதா?

இவை இரண்டும் வேறு வேறு திறன்கள். ஒரு பாடத்தில் நன்றாகச் செய்யும் பிள்ளைகள் பெரும்பாலும் மற்றவற்றிலும் நன்றாகச் செய்வதைப் பார்த்த ஆங்கிலேய உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மேன், இவற்றுக்கு அடியில் ஒரு பொதுத்திறன் இருக்கிறது என்று 1904-ல் எழுதினார். பின்னால் வந்த உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அதை இரண்டாகப் பிரித்தார்: பழகாத சிக்கலை அந்த நேரத்தில் யோசித்து அவிழ்க்கும் திறன் ஒன்று, வருஷக்கணக்கில் சேர்ந்த அறிவு இன்னொன்று. முதலாவது இளமையில் உச்சம் தொட்டு மெல்ல இறங்கும். இரண்டாவது அறுபது தாண்டியும் நிற்கும். உங்கள் அப்பாவிடம் நீங்கள் பார்ப்பது இதைத்தான். பழகிய கணக்கிலேயே தடுமாறினால், தெரிந்த தெருவில் வழி மறந்தால், தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகளின் பத்து விரல் ரேகையையும் எடுத்து ‘எட்டு வகை அறிவு’ ரிப்போர்ட் தருவதாகப் பள்ளியில் சொல்கிறார்கள். சில ஆயிரம் கட்டணம். எடுக்கலாமா?

தயவுசெய்து கட்டாதீர்கள். விரல்ரேகை கருவிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது; அதை வைத்து கணக்கு வருமா, பாட்டு வருமா என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. டி.எம்.ஐ.டி. எனப்படும் இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே அறிவித்திருக்கிறது. இவர்கள் பெயர் சொல்லும் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர், பல்வகை அறிவுக் கொள்கையை 1983-ல் முன்வைத்தபோது விரல்ரேகையை அளவுகோலாக்கவே இல்லை. அவர் சொன்ன திறன்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்பதற்கும் ஆய்வுகளில் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. பணம் போவதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. ‘இவளுக்குக் கணிதம் வராது’ என்ற ஒரு வரியை எட்டு வயதில் படித்துவிட்டு, வீடே அதை நம்பிவிடுகிறது.

அறிவு பரம்பரையா, வளர்ப்பா?

இரண்டும். இரட்டையர் ஆய்வுகள் மரபணுவின் பங்கு கணிசமானது என்றும், வயது ஏற ஏற அது கூடுகிறது என்றும் காட்டுகின்றன. ஆனால் அது ஒரு கூட்டத்துக்குள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கல்ல. பள்ளியில் கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஐ.க்யூ.வை 1 முதல் 5 புள்ளி வரை உயர்த்துகிறது. இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் சராசரி ஐ.க்யூ. பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி ஏறியதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் எடுத்துக்காட்டினார். அத்தனை குறுகிய காலத்தில் மரபணு மாறாது.

நாலாவது படிக்கும் மகள் வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறாள். எழுதச் சொன்னால் தடுமாறுகிறாள். ஐ.க்யூ. 104 என்றார்கள். அப்படியென்றால் சோம்பல்தானே?

இல்லை அம்மா. 104 என்பது அவள் முயலவில்லை என்பதற்குச் சாட்சி அல்ல. தடுமாற்றத்துக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது என்பதற்கான தடயம். மொத்த எண்ணை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பகுதி மதிப்பெண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டதை மனதில் பிடித்துவைத்து வேலை செய்யும் திறனைப் பார்க்க, ‘7, 2, 9, 4’ என்று சொல்லி, கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்வோம். சில குழந்தைகள் சொற்பொருளில் வயதுக்கு மேலே நிற்பார்கள், இந்த இடத்தில் திணறுவார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுக்கான தனிச் சோதனைகளும் வைத்த பிறகுதான் கற்றல் குறைபாடு உண்டா என்று சொல்ல முடியும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் அங்கீகரிக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம்.

1905-ல் பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, தன் சக ஆய்வாளர் சிமோனுடன் சேர்ந்து முதல் அறிவுத்திறன் சோதனையை பாரிஸில் உருவாக்கியதே இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவத்தான். அறிவைக் கூட்டவே முடியாத அளவு என்று பேசியவர்களை அவர் கடுமையாக எதிர்த்தார். முதலில் அவளுடைய கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். பிறகு தமிழ், ஆங்கிலம், கணக்கு நோட்டுகளைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொண்டு உளவியலாளரிடம் போங்கள். அடித்தல் திருத்தல் உள்ள பக்கங்கள்தான் எங்களுக்கு அதிகம் தேவைப்படும்.