ஐரோப்பாவில் குறைந்த செலவில் பார்க்க எந்தப் பழைய நகரம் நல்லது?

ஒரே ஒரு ஊர்தான் முடியும் என்றால், போலந்தின் கிராக்கோவ். பிராக்கும் வியன்னாவும் அழகில் குறைந்தவை இல்லை. ஆனால் கிராக்கோவில் பார்க்கவேண்டியதில் பாதிக்குமேல் தெருவிலேயே இருக்கிறது, டிக்கெட் கிடையாது.

பெர்லினில் வேலை பார்த்தபோது ஒரு நவம்பர் வெள்ளி இரவு பஸ் ஏறினேன். ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம், முதுகுதான் போச்சு. பஸ் நிலையம் ரயில் நிலையத்துக்குப் பின்புறமே. அங்கிருந்து புளோரியன் வாசலுக்குப் பத்து நிமிட நடை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டைச் சுவரை இடித்துவிட்டு, ஊரைச் சுற்றி அந்த இடத்தில் பூங்கா போட்டார்கள். இடிக்காமல் விட்ட துண்டில் ஒன்றுதான் இந்த வாசல்.

உள்ளே போனால் பெரிய சதுக்கம். 1257-இல் அளந்து போட்டது, பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர். நான் போய் நின்றபோது புறாக்களும் ஒரு குப்பை வண்டியும்தான் இருந்தன. மணி ஏழு. மரியன்னை தேவாலயத்தின் உயரமான கோபுரத்திலிருந்து ட்ரம்பெட் ஒலி கிளம்பியது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது பாதியில் சட்டென்று அறுந்துவிட்டது. வாசித்தவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அண்ணாந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வேறு ஜன்னலிலிருந்து அதே மெட்டு, அதே இடத்தில் அறுந்தது. இப்படி நான்கு திசைக்கும். மங்கோலியரோடு சேர்ந்து படையெடுத்து வந்த தாத்தார் இனத்தாரின் படை வருவதை ஊதி எச்சரித்தவரின் தொண்டையில் அம்பு பாய்ந்ததால் அந்த இடத்தோடு நிறுத்துகிறார்கள் என்பது கதை. கதை எப்படியோ, இன்றும் மணிக்கொரு தடவை தீயணைப்புத் துறைக்காரர்கள் முறைபோட்டு வாசிக்கிறார்கள். இதற்குக் காசு இல்லை. வாவெல் கோட்டைக் குன்றில் ஏறி முற்றங்களைச் சுற்றி வரவும், கீழே ஆற்றங்கரையில் நெருப்புக் கக்கும் டிராகன் சிலையைப் பார்க்கவும் காசு இல்லை. கோட்டையின் அறைகளுக்குள் போகத்தான் டிக்கெட்.

சரி, காசு எங்கே போகும்? சாப்பாட்டில். பசி தாங்காமல் சதுக்கத்திலேயே குடை விரித்திருந்த ஓர் உணவகத்தில் உட்கார்ந்தேன். நான் சைவம். ஜூரெக் என்று சூப் கேட்டேன். ரை என்ற தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் செய்வது, நம் கூழ் மாதிரி இருக்கும் என்ற நினைப்பு. கரண்டியைப் போட்டால் சாசேஜ் மிதக்கிறது. தொடாமலே பில் கட்டினேன்.

மதியம் 'பார் ம்லெச்னி' தேடிப் போனேன். 'பால் கடை' என்று பொருள். அரசு மானியத்தில் நடக்கும் மலிவுச் சாப்பாட்டுக் கடைகள். கவுன்ட்டரில் காசு கட்டி, தட்டை நாமே வாங்கி, சாப்பிட்டதும் நாமே கொண்டுபோய் வைக்கவேண்டும். மாணவர்களும் பென்ஷன் தாத்தாக்களும்தான் கூட்டம். 'பியெரோகி ருஸ்கியே' கேளுங்கள்: சோமாசி வடிவம், வேகவைத்தது, உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். மேலே பன்றிக் கொழுப்புப் பொரியல் தூவுவதுண்டு, அதனால் முன்கூட்டியே 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று சொல்லிவிடுங்கள். கல் மாதிரி வயிறு நிறையும். சதுக்கத்தில் கொடுத்த சூப் காசுக்கு இங்கே இரண்டு வேளை ஆகியிருக்கும்.

இன்னொன்று: போலந்தில் யூரோ இல்லை, ஸ்லோட்டி. ஏடிஎம்மில் "உங்கள் நாணயத்தில் கணக்கிடட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் நமக்கு நஷ்டம். இந்தியாவிலிருந்து வருபவர்கள் ஷெங்கன் விசாவுக்கான (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) 90 யூரோ கட்டணத்தையும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும். அவ்வளவு கொடுத்துவிட்டு மூன்று நாளில் நான்கு ஊர் ஓடாதீர்கள், இங்கேயே இருங்கள்.

காலைச் சாப்பாட்டுக்குத் தெருமுனைத் தள்ளுவண்டியில் விற்கும் ஒப்வஜானெக் போதும். முறுக்கிய வளைய ரொட்டி, கசகசா தூவியதை வாங்குங்கள். காலையிலேயே வாங்கிச் சாப்பிட்டுவிடவேண்டும். சாயங்காலத்துக்குள் பல்லுக்கு வேலை வைத்துவிடும்.