ஸ்டீம் டெக் ஓஎல்இடி: நம்ம ஊர் வெயிலுக்கும் கரண்டுக்கும் இது எப்படி?

கேள்வி: "கானாடுகாத்தான்ல இருக்கேன். பழைய ஸ்டீம் டெக் எல்சிடி வச்சிருக்கேன். சிங்கப்பூர்லேருந்து அம்மான் பங்குனில வர்றாக. ஓஎல்இடி மாடல் வாங்கிட்டு வரச் சொல்லலாமா? ரெண்டும் ஒரே ஸ்பீடுதான், காசு தண்டம்னு எல்லாரும் சொல்றாங்க. கையில எடுத்ததும் வித்தியாசம் தெரியுமா?"

தெரியும். ஆனால் வேகத்தில் தேடினால் தெரியாது. (புதியவர்களுக்கு: ஸ்டீம் டெக் என்பது வால்வ் நிறுவனத்தின், கையில் வைத்து விளையாடுகிற கேம் கணினி. எல்சிடி, ஓஎல்இடி என்பவை அதன் திரை வகைகள்.)

வேகத்தைப் பற்றி உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. 2023 நவம்பரில் வந்த இந்த மாடலிலும் அதே நாலு கோர் ஜென் 2 பிராசஸர், அதே எட்டு யூனிட் ஆர்டிஎன்ஏ 2 கிராபிக்ஸ்தான். சிப் 7 நானோமீட்டரிலிருந்து 6-க்கு வந்திருக்கிறது, ரேமின் வேகம் 5500-லிருந்து 6400-க்கு ஏறியிருக்கிறது. 16 ஜிபி என்ற அளவு மாறவில்லை. எல்சிடியில் நொடிக்கு 30 ஃபிரேமுக்குத் திணறுகிற கேம் இதில் திடீரென்று 60-க்குப் போகாது. அதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அம்மானுக்கு அந்தச் செலவை வைக்காதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். தமிழில் இதைப் பற்றிப் பேசுகிற வீடியோக்கள் பெரும்பாலும் ஏசி அறையில் பெட்டியைப் பிரித்து, ஃபிரேம் எண்ணிக்கையைக் காட்டிவிட்டு முடிந்துவிடுகின்றன. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பகல் நேரத்தில் கையில் வைத்து விளையாடுகிற ஆளுக்கு அந்த எண்ணால் என்ன பயன்? நமக்குச் சூடு, வெளிச்சம், கரண்ட் மூன்றும்தான் கணக்கு. அந்த மூன்றிலும் புது மாடல் நிஜமாகவே வேறு கருவி. பெஞ்ச்மார்க், அதாவது வேகச் சோதனை எண் எங்கே என்று கேட்க வருகிறவர்கள் மேலே வேகத்தைச் சொன்ன பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் சூடு. சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை இருந்தால்தான் டெக் நன்றாக ஓடும், அதற்கு மேல் போனால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று வால்வ் நிறுவனமே சொல்லியிருக்கிறது. சிப் 100 டிகிரியைத் தொட்டால் வேகம் குறையும், 105-ல் கருவி அணைந்துவிடும். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் மதியம் 38, 40 என்பது சாதாரணம். அதாவது கோடை முழுக்கப் பகலில் இந்தக் கருவி அதற்கென்று சொன்ன எல்லைக்கு வெளியேதான் ஓடுகிறது. எல்சிடியில் மதியம் மின்விசிறி கீச்சென்று கத்துவதும், நல்லா ஓடிக்கொண்டிருந்த கேம் இடையில் இழுப்பதும் இதனால்தான். கருவியில் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

ஓஎல்இடியில் விசிறி பெரிது, வெப்பம் கடத்தும் பட்டை தடிமன், சிப்பும் அதே வேலைக்குக் கொஞ்சம் குறைவாக மின்சாரம் எடுக்கிறது. கையில் எடுத்துக் கால் மணி நேரம் ஓட்டினால் முதலில் தெரிவது இந்த வித்தியாசம்தான். கீச்சுச் சத்தம் போய் மெல்லிய இரைச்சல்தான் கேட்கும், முதுகுப் பக்கமும் அவ்வளவு சுடாது. ஆனாலும் 38 டிகிரிக் காற்றை உறிஞ்சி எந்த விசிறியும் அற்புதம் செய்யாது. அதனால் இதைச் செய்யுங்கள்: வலது பக்கம் மூன்று புள்ளி போட்ட பட்டனை அழுத்தி, பேட்டரி படம் உள்ள பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். அந்த கேமுக்கு மட்டும் தனி புரொஃபைல் என்பதை முதலில் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் எல்லா கேமுக்கும் இதே கட்டுப்பாடு ஒட்டிக்கொள்ளும். பிறகு டிடிபி லிமிட்டை, அதாவது சிப் எடுக்கிற மின்சாரத்தின் உச்ச வரம்பை, 15 வாட்டிலிருந்து 10-க்கு இறக்கிப் பாருங்கள். சின்ன கேம் என்றால் 6 போதும். ஃபிரேம் லிமிட்டை 45-ல் வைத்தால் திரை தானே 90 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 90 தடவை படம் புதுப்பிக்கிற வேகம்) நிற்கும், 40 வைத்தால் 80. எல்சிடியின் 60 ஹெர்ட்ஸ் திரையில் 30-ல் விளையாடிப் பழகிய கைக்கு இந்த 45 எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறது என்பது உடனே தெரியும். அதே பக்கத்தில் பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லேயைக் கடைசி நிலைக்கு ஏற்றினால் வாட், டிகிரி, விசிறிச் சுற்று எல்லாம் திரையில் ஓடும். கோடையில் ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே விளையாடினால் எந்த கேமுக்கு எத்தனை வாட் என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

காற்று பின்பக்கச் சல்லடை வழியாக உள்ளே போய் மேல் விளிம்பு வழியாக வெளியே வருகிறது. மெத்தை, தலையணை, மடியில் வேட்டி மேல் வைத்தால் பின்பக்கம் அடைத்துக்கொள்ளும். ஆத்தங்குடிக் கல் தரை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அதன்மேல் மல்லாத்தி வைத்தும் ஓட்டாதீர்கள், அங்கேயும் சல்லடைக்குக் கீழே இடைவெளி போதாது. சின்ன ஸ்டாண்டில் நிமிர்த்தி வையுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற கான்கிரீட் அறையை விட முற்றமுள்ள வளவுப் பக்கம் உட்கார்ந்து விளையாடுவது கருவிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

வளவு என்றதும் வெளிச்சம் வருகிறது. எல்சிடி திரை 400 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு). ஓஎல்இடி சாதாரணப் படத்துக்கு 600, வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுகிற ஹெச்டிஆர் கேமில் 1000 வரை போகும். கறுப்பு நிஜமாகவே கறுப்பாக இருக்கும், எல்சிடியில் தெரிகிற அந்தச் சாம்பல் மூட்டம் இருக்காது. அளவும் 7 அங்குலத்திலிருந்து 7.4 ஆகியிருக்கிறது, சுற்றியிருந்த கறுப்புப் பட்டை ஒடுங்கிவிட்டது. பிக்சல் மட்டும் அதே 1280 பெருக்கல் 800.

ஆனால் நம் செட்டிநாட்டு வீடுகளில் வெளிச்சம் மேலேயிருந்து முற்றம் வழியாக விழுகிறது. முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் திரையில் வானம்தான் தெரியும், கேம் தெரியாது. முற்றத்தைப் பார்த்து உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் அந்த வழவழப்பான வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் இருந்தால் அதுவும் திரையில் மினுங்கும். பின்னால் தேக்குக் கதவோ இருட்டான அறை வாசலோ இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் இரவுக் காட்சிகள்கூடத் துலக்கமாகத் தெரியும். அந்தக் கதவு இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், சொல்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பர்மாவிலிருந்து வந்த தேக்கில் செதுக்கிய நிலையையும் தூணையும் பங்காளிகளுக்குள் ஒத்துப்போகவில்லை என்று பெயர்த்தெடுத்து, பழஞ்சாமான் கடையில் எடை போடாத குறையாகக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வீட்டை இடித்தபின் அந்த இடத்தில் எழும்புவது ஷட்டர் போட்ட கடைதான். கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கண்ணாடிக்கு வருவோம். 1 டிபி மாடலில் மட்டும் பிரதிபலிப்பைக் குறைக்கும் எட்ச்டு கண்ணாடி உண்டு. 512 ஜிபியில் சாதாரணப் பளபளப்புக் கண்ணாடி. நம் வீடுகளுக்கு 1 டிபிதான் சரி. அறிமுகத்தின்போது அமெரிக்க விலை 549, 649 டாலர், அந்த 100 டாலரை நான் இடத்துக்காகக் கொடுக்கச் சொல்லவில்லை, கண்ணாடிக்காகச் சொல்கிறேன். ஒரே எச்சரிக்கை: அதன்மேல் டெம்பர்டு கிளாஸ் ஒட்டினால் காசு கொடுத்து வாங்கிய அந்தக் குணம் மறைந்துபோகும். கூட வரும் துணியால் துடைத்தால் போதும்.

கரண்ட். பேட்டரி 40 வாட்-அவரிலிருந்து 50 ஆகியிருக்கிறது. வால்வ் சொல்கிற கணக்கு எல்சிடிக்கு 2 முதல் 8 மணி, ஓஎல்இடிக்கு 3 முதல் 12 மணி. உங்கள் கணக்கை நீங்களே போடலாம்: ஓவர்லேயில் பேட்டரி 25 வாட் இழுப்பதாகக் காட்டினால் 50-ஐ 25-ஆல் வகுத்து 2 மணி நேரம். அந்த இழுப்பு 10 வாட்டாக இருந்தால் 5 மணி நேரம். மேலே சொன்ன டிடிபி லிமிட் சிப்புக்கு மட்டும்தான், திரையும் மற்றவையும் அதற்கு மேல் இழுக்கும், ஆகவே ஓவர்லேயில் காட்டுகிற பேட்டரி எண்ணையே பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தி மதியம் தாண்டிக் கரண்ட் விடுகிற நாளைச் சின்ன கேமாக ஓட்டினால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கலாம்.

சார்ஜர் 45 வாட், டைப்-சி பவர் டெலிவரி. சிங்கப்பூரில் வாங்கினால் தட்டையான மூன்று முள் பிளக்தான் பெரும்பாலும் வரும். ஆடிக்கொண்டே இருக்கிற மலிவு அடாப்டரில் செருகாதீர்கள், தீப்பொறி பறக்கும். இங்கேயே 15 வோல்ட் 3 ஆம்பியர் என்று பின்புறம் அச்சிட்ட பவர் டெலிவரி சார்ஜர் வாங்கிக்கொள்ளுங்கள். '65 வாட்' என்று பெட்டியில் போட்ட போன் சார்ஜர் பலவும் அந்த வேகத்தைச் சொந்த போனுக்கு மட்டும்தான் கொடுக்கும், டெக்கில் செருகினால் மெதுவான சார்ஜர் என்று திரையில் எச்சரிக்கை வரும். பவர் பேங்க்குக்கும் இதே 15 வோல்ட் 3 ஆம்பியர் விதி. 20,000 எம்ஏஹெச் என்றால் கணக்கில் 74 வாட்-அவர், சேதாரம் போக ஒரு முழு சார்ஜ் தேறும்.

அம்மானிடம் சொல்ல வேண்டியவை சில. இந்தியாவில் வால்வ் இதை அதிகாரபூர்வமாக விற்கவில்லை, ஆகவே இங்கே சர்வீஸும் கிடையாது. சிங்கப்பூரிலும் கடைகள் வெளியிலிருந்து தருவித்துத்தான் விற்கின்றன, கடைக்காரர் தருகிற வாரண்டிதான் வாரண்டி. அதனால் வாங்கியதும் அங்கேயே சோதிக்க வேண்டும். புதுக் கருவி பேட்டரி ஸ்டோரேஜ் நிலையில் வரும், சார்ஜரில் செருகினால்தான் உயிர் வரும், செத்துப்போன பீஸ் என்று பதற வேண்டாம். வைஃபை இணைத்து அப்டேட் முடிந்ததும் வெளிச்சத்தைக் குறைத்து அடர் சாம்பல் படம் ஒன்றைத் திரை முழுக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திட்டுத் திட்டாகத் தெரிந்தாலோ, புள்ளி செத்திருந்தாலோ அப்போதுதான் தெரியும். இரண்டு ஸ்டிக், பின்பக்க நாலு பட்டன், மெமரி கார்டு துளை எல்லாம் பார்த்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்து கொண்டுவரட்டும். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் கையோடு கேபினில் கொண்டுவருவதுதான் நல்லது, செக்-இன் பெட்டியில் போட வேண்டாம். திருச்சியில் இறங்கும்போது கேட்டால் காட்டப் பில் கையில் இருக்கட்டும். ஸ்டீம் கணக்கு உங்களுடையதே, விலையும் ரூபாயிலேயே இருக்கும், கருவி எங்கே வாங்கியது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

வந்தபின் எல்லா கேமையும் மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டாம். பழைய டெக்கின் மெமரி கார்டை அப்படியே எடுத்துப் புதியதில் செருகினால் கேம் தானே தெரியும், ஃபார்மேட் கேட்டால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள் சேமிப்பில் இருப்பதை, இரண்டையும் ஒரே வைஃபையில் இணைத்து, ஸ்டீமின் டவுன்லோடு அமைப்பில் உள்ளூர் நெட்வொர்க் பரிமாற்றத்தை இரண்டிலும் அனுமதித்தால் பக்கத்திலிருந்தே இழுத்துக்கொள்ளும். ரௌட்டர் முகப்பில் இருந்தால் இரண்டையும் முகப்புக்கே கொண்டுபோங்கள். அந்தச் செங்கல், சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் வந்துசேராது.

திறக்க வேண்டி வந்தால் மெமரி கார்டை முதலில் வெளியே எடுங்கள். உள்ளே இருக்கும்போது மூடியை நெம்பினால் கார்டு இரண்டாக ஒடிந்துவிடும். எல்சிடியில் திருகு பிளாஸ்டிக்கிலேயே இறங்கும், நாலு தடவை கழற்றினால் பிடி போய்விடும். ஓஎல்இடியில் உலோக மரை, திருகு டி6 டார்க்ஸ். நம் ஊர்க் கடையில் 'ஸ்டார்' கேட்டால் பிலிப்ஸைத்தான் எடுப்பார்கள், அதைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும். டி6 என்று எண் சொல்லிக் கேளுங்கள், அல்லது வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக் மாற்றுவதானால் எல்சிடிக்கான பாகம் இதற்குப் பொருந்தாது.

ஓஎல்இடி என்பதால் ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் தழும்பு விழும் ஆபத்து உண்டு. முழு வெளிச்சத்தில் மெனுவைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், பவர் பட்டனை ஒரு தட்டுத் தட்டித் தூங்கவையுங்கள்.

வேலோரன்ட், ஃபோர்ட்நைட், பப்ஜி ஆகியவை டெக்கின் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓடாது, எல்சிடியிலும் ஓடாது, இதிலும் ஓடாது. தம்பிமார் அதற்காகக் கேட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். இதற்குப் போட்டியான ஆசஸ் நிறுவனத்தின் ரோக் அலை எக்ஸ் வாங்கலாமே என்பவர்களுக்கு: 80 வாட்-அவர் பேட்டரி, 24 ஜிபி ரேம், வேகமும் கூட, மறுக்கவில்லை. ஆனால் கேமின் நடுவில் தூங்கவைத்துவிட்டு மறுநாள் விட்ட இடத்தில் எழுப்புகிற ஸ்டீம்ஓஎஸ்ஸின் நம்பிக்கை அதில் வரும் விண்டோஸில் எனக்கு வரவில்லை.

நீங்கள் பெரும்பாலும் டாக்கில் (டிவியோடு இணைக்கிற தாங்கி) மாட்டி டிவியில்தான் விளையாடுகிறீர்கள் என்றால் பழையதே போதும், டிவிக்குப் போகும் படம் இரண்டிலும் ஒன்றுதான். பகலில் கையில் வைத்து விளையாடுகிறவர் என்றால் 1 டிபி சொல்லிவிடுங்கள். பழைய எல்சிடியை உடனே விற்கவில்லை என்றால் பாதி சார்ஜில் அணைத்து, ஒலியைக் கூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவரை அழுத்தி, செட்டப் பக்கத்தில் பவர் பகுதியில் பேட்டரி ஸ்டோரேஜ் மோடைப் போட்டுவையுங்கள். சும்மா பெட்டியில் போட்டுவைத்தால் சார்ஜ் அடியோடு இறங்கி பேட்டரி கெட்டுவிடும்.