அறை 20, வாளி 25

கேள்வி: அறையின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸைத் தாண்டவே இல்லை. ஆனாலும் வீட்டில் காய்ச்சிய ஏல் பியரில் சாராய நெடி தூக்கலாக இருக்கிறது. ஈஸ்ட் கெட்டுவிட்டதா?

ஈஸ்ட் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் அளந்தது அறையை. ஈஸ்ட் இருப்பதோ வாளிக்குள். சர்க்கரையைத் தின்னும்போது அது சூட்டைக் கக்கும். 20 லிட்டர் வாளியில் நொதித்தல் மும்முரமாக இருக்கையில், உள்ளே அறையைவிட 3 முதல் 5 டிகிரி கூடுவது சாதாரணம். பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 வரைதான் தோது. 25-ஐத் தொட்டால் பலவகை ஈஸ்ட் பியூசல் ஆல்கஹாலை அதிகம் உண்டாக்கும். தொண்டையைச் சுடும் அந்த நெடி அதுதான். பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைத்தாலும் அவ்வளவாகக் குறையாது.

தெர்மாமீட்டரின் சென்சாரை வாளியின் வெளிப்புறம், வோர்ட் (பியராக நொதிக்கும் இனிப்புத் தானியச் சாறு) மட்டத்துக்குக் கீழே ஒட்டி, அதன் மேல் தடித்த ஸ்பாஞ்சை வைத்து டேப் சுற்றுங்கள். ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் அது மறுபடியும் அறையைத்தான் காட்டும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் பாதிக்கு மேல் அமிழ வைத்து, ஐஸாக உறைந்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். ஈஸ்ட் போடும்போதே வோர்ட் 18-ல் இருக்கட்டும். 25-ல் போட்டுவிட்டு அப்புறம் குளிர்விக்கலாம் என்றால், அதற்குள் நொதித்தல் வேகம் பிடித்துவிடும்.

பெரும்பாலும் முதல் 3 நாள்தான் இந்தக் காவல். நுரை அடங்கத் தொடங்கியதும் ஐஸை நிறுத்திவிட்டு, 20, 21 வரை தானாக ஏற விடுங்கள். அப்போதும் குளிர வைத்துக்கொண்டே இருந்தால் ஈஸ்ட் பாதி வேலையோடு அடியில் படிந்துவிடும். நொதித்தலில் உண்டாகும் டைஅசிட்டைல் என்ற பொருள் தரும் வெண்ணெய் வாசம் பியரிலேயே தங்கிவிடும்.

கேள்வி: கொதித்த வோர்ட்டை இரவு முழுக்கத் தானாக ஆறவிடலாமா?

கிருமி நீக்கிய கேனில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, காற்றுப் புகாமல் மூடுகிறவர்கள் உண்டு. ஹாப்ஸின் (பியருக்குக் கசப்பூட்டும் பூ) கசப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கொதித்த பாத்திரத்திலேயே ஒப்புக்கு ஒரு மூடி போட்டு விடுவது ஆபத்து. 50 டிகிரிக்குக் கீழே இறங்கி, ஈஸ்ட் விழும்வரை அது பாக்டீரியாவுக்கு விருந்து. செம்புச் சுருள் குழாயை வோர்ட்டுக்குள் இறக்கி, குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டால் அரை மணி நேரம் போதும். கொதி நிற்பதற்கு 10 நிமிடம் முன்பே சுருளை உள்ளே இறக்கிவிட்டால் அதன் கிருமியும் தொலையும். இடையிடையே வோர்ட்டைக் கலக்குங்கள். சும்மா விட்டால் சுருளை ஒட்டிய வோர்ட் மட்டுமே குளிரும்.

கேள்வி: உலர் ஈஸ்ட்டை அப்படியே தூவலாமா?

பாக்கெட்டில் அனுமதித்திருந்தால் தாராளமாக. ஊறவைப்பதானால் 11.5 கிராமுக்குச் சுமார் 115 மில்லி, கொதித்து ஆறிய 30 முதல் 35 டிகிரித் தண்ணீர், 15 நிமிடம். ஊறியதை 18 டிகிரி வோர்ட்டில் சடாரென்று கவிழ்க்க வேண்டாம். ஸ்பூன் ஸ்பூனாக வோர்ட்டை அதில் சேர்த்து, வித்தியாசம் 10 டிகிரிக்குள் வந்தபின் ஊற்றுங்கள்.