வாசகர் கேள்வி – பதில்: காசினோ யாரைக் கண்டு அஞ்சுகிறது?

கேள்வி: என் அக்கா மகன் நண்பர்களோடு கோவாவுக்குப் போனபோது, மாண்டோவி ஆற்றில் நிற்கும் காசினோக் கப்பல் ஒன்றில், சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் அல்லது நிறத்தில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட் ஆடி ஒரே இரவில் பெருந்தொகை வென்றான். மேலாளர் ஒருவர் வெகுநேரம் அருகில் நின்று பார்த்துவிட்டு, பிறகு இலவசமாக அறையும் உணவும் தருவதாகச் சொன்னாராம். அவன்மீது சந்தேகப்பட்டார்களா, மரியாதை செய்தார்களா? – வாசகர், தொண்டி

பதில்: இரண்டும் நடந்திருக்கும்; சந்தேகம் முதலில், உபசாரம் பிறகு. ஒரு மேசையிலிருந்து பணம் வழக்கத்துக்கு மாறாக வெளியேறத் தொடங்கினால், வேறோர் அறையில் இருப்பவர்கள் கூரைக் கேமராக்களின் பதிவைப் பின்னோட்டிப் பார்ப்பார்கள். பந்து விழுந்த பிறகு யாரும் கவனிக்காத கணத்தில் பந்தய டோக்கன் நகர்த்தி வைக்கப்பட்டதா, மேசை ஊழியரும் ஆடுபவரும் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்களா, சக்கரத்திலேயே குறை உள்ளதா என்று ஆராய்வார்கள். கடைசிக் கேள்வி வீண் ஐயமன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜோசப் ஜாகர் என்ற ஆங்கிலேயர், மொனாக்கோ நாட்டின் மான்டி கார்லோ காசினோவில் ஆட்களை வைத்து விழும் எண்களைக் குறித்துவரச் செய்து, குறையுள்ள சக்கரத்தைக் கண்டறிந்து பெரும்பணம் எடுத்தார். அவர் செய்ததில் குற்றம் ஏதும் இல்லாததால், நிர்வாகம் சக்கரங்களைத்தான் மாற்றியமைத்தது.

இவற்றில் எதுவும் இல்லை, வெறும் அதிர்ஷ்டமே என்று தெளிந்துவிட்டால் அவர்களுக்குக் கவலை நீங்கிவிடும். ஒற்றைப் பூச்சியம் உள்ள சக்கரத்தில் 37 பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றில் சிவப்பு 18. தொடர்ந்து பத்து முறை சிவப்பே விழும் வாய்ப்பு ஏறக்குறைய 1,350இல் ஒன்று. நமக்கு அது அதிசயமாகத் தோன்றும். ஆனால் ஆண்டு முழுவதும் சுழலும் சக்கரங்களை வைத்திருப்பவர்களுக்கு அது எதிர்பார்த்த செலவு. கட்டப்படும் ஒவ்வோர் 1,000 ரூபாயிலும் சராசரியாக 27 ரூபாய் சூதாட்ட விடுதியின் பக்கம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாள் மீன்பாட்டைக் கொண்டு விசைப்படகுக்காரர் தம் ஆண்டு வரவைக் கணிக்காததைப் போல, அவர்களும் ஓர் இரவை வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. வென்றவர் அங்கேயே தங்கி மறுநாளும் ஆடினால் அந்தக் கணக்கு மெல்ல நேராகும். அறையும் உணவும் அதற்காகவே தரப்படுகின்றன. உங்கள் அக்கா மகன் அவற்றை மறுத்துவிட்டுப் புறப்பட்டிருந்தால் மிகவும் மகிழ்வேன். வென்ற தொகைக்கு 30 சதவீத வருமான வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் உண்டு. மற்ற நாள்களில் தோற்றதை அதில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சீட்டுகளை மனத்தில் எண்ணி ஆடுபவரை வெளியேற்றுவார்கள் என்கிறார்களே, அது ஏமாற்றா? – வாசகர், பாம்பன்

பதில்: ஏமாற்று அன்று. பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில், இறங்கிவிட்ட சீட்டுகளைக் கணக்கில் வைத்துப் பந்தயத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆடினால் விடுதியை வெல்ல முடியும் என்று எட்வர்ட் தோர்ப் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1962இல் உலகுக்கு விளக்கினார். கருவி ஏதுமின்றி மூளையைக் கொண்டு மட்டும் எண்ணுவது அமெரிக்காவில் குற்றமன்று. ஆனாலும் நெவாடா மாநிலத்தில் விடுதி தன் விருப்பப்படி ஒருவரை ஆட வேண்டாம் என்று சொல்லலாம். நியூஜெர்சி மாநிலத்தில் அப்படிச் சொல்ல இயலாது. கென் உஸ்டன் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில் 1982இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், இப்படி எண்ணுபவரை விலக்கும் அதிகாரம் விடுதிக்குத் தானாக இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே அங்கே எண்ணுபவரின் கணக்கு குழம்பும்படி சீட்டுக் கட்டுகளைக் கூட்டுகிறார்கள், பாதியிலேயே கலைத்துவிடுகிறார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்று உண்டு. தோற்கக்கூடியவர் எவராயினும் வரவேற்கப்படுகிறார். தோற்காமல் ஆடக் கற்றவர் மட்டும் படம்பிடிக்கப்பட்டு, வாசலில் நிறுத்தப்படுகிறார். எதிராளியைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையுள்ள ஆட்டத்தைச் சமமான போட்டி என்று நம் பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது.

திறமைக்கும் ஏமாற்றுக்கும் இடையிலான எல்லை எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. புகழ்பெற்ற போக்கர் ஆட்டக்காரர் பில் ஐவி 2012இல் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் விடுதியில் புன்டோ பாங்கோ என்ற சீட்டாட்டம் ஆடி ஏறத்தாழ 77 லட்சம் பவுண்டு வென்றார். சீட்டுகளின் பின்புற அச்சு ஓரங்களில் நுண்ணிய வேறுபாடு இருந்தது. தமக்கு ராசி என்று காரணம் சொல்லி, உடனிருந்த தோழி மூலம், மதிப்புள்ள சீட்டுகளை மட்டும் மேல் கீழாகச் சுழற்றி வைக்கும்படி ஊழியரைக் கேட்டுக்கொண்டு, பின்னர் ஓரத்தைப் பார்த்தே சீட்டை அறிந்தார். விடுதி அவர் கட்டிய பணத்தைத் திருப்பித் தந்ததே தவிர, வென்றதைத் தர மறுத்தது. தாம் செய்தது நியாயமான உத்தி என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஆயினும் ஊழியரையே கருவியாக்கிச் சீட்டுகளை அடுக்கவைத்தது ஏமாற்றே என்று 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஊழியர் அறியாமல் அவரைக்கொண்டே ஆட்டத்தை மாற்றியமைத்ததால் இத்தீர்ப்பு சரியென்றே கருதுகிறேன்.

கேள்வி: சந்தேகத்துக்கு உள்ளானவரைத் தனியறையில் அடைத்து அடிப்பார்கள் என்பது உண்மையா? – வாசகர், ராமநாதபுரம்

பதில்: நெவாடாவிலுள்ள பழைய லாஸ் வேகாஸில் அவ்வாறு நடந்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். இன்று நெவாடாச் சட்டப்படி, ஏமாற்று நடந்ததாக நம்பத் தகுந்த காரணம் இருந்தால் மட்டும், ஒருவரை நியாயமான முறையில், நியாயமான நேரத்துக்குத் தடுத்து வைக்கலாம். அடிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. வென்ற பணத்தைப் பற்றிய தகராறு 500 டாலரோ அதற்கு மேலோ ஆனால் விடுதியே அரசின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நம் பக்கத்தில் மறைவாகப் பணம் வைத்து நடக்கும் சீட்டாட்டங்களில் இத்தகைய காப்பு எதுவும் கிடையாது. 1930ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டப்படி சூதாட்ட இடத்தில் ஆடுவதே குற்றம் என்பதால், ஏமாற்றப்பட்டவரும் அடிபட்டவரும் காவல் நிலையத்தின் படியேறவே தயங்குகிறார்கள். அடிபட்டவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், வழக்கு வந்தாலும் வரட்டும் என்று துணிந்து, ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுங்கள்.